பதினொன்று புள்ளி எட்டு

அத்தியாயம் 17

போன ஞாயிற்றுக்கிழமை ஜெபசிங் வீட்டு ஜெபக்கூட்டத்தில் நடந்தது அச்சன்புதூரில் இப்போது பால்காரருக்குக்கூடத் தெரியும். வெளியூர் போயிருந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு பேர் முழங்காலில் நின்றிருந்தார்கள். ஜெபசிங் மழைக்காக ஜெபித்தார். ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்காக ஜெபித்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, இந்த வீட்டு வண்டியின் டீசலில் கை வைக்கிற பிள்ளைக்கு நல்ல மனசைத் தாரும் ஆண்டவரே என்றும் ஜெபித்துவிட்டார்.

அந்த வீட்டில் வண்டி ஓட்டுகிற பிள்ளை ஒன்றுதான். மருமகன் ஆசீர். எல்லோருக்கும் கண்தான் மூடியிருந்தது, காது நன்றாகவே திறந்திருந்தது.

ஜெபம் முடிந்ததும் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அதில் ஒரு குரல் பெர்சிஸுடையது. ஜெபசிங்கின் ஒரே மகள், ஆசீரின் மனைவி.

பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது என்று அவள் ஆறு நாளாகத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது பொய் என்பது அவளுக்கே தெரியும். ஏனென்றால் அப்பாவின் கையில் அந்தக் கணக்கை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

அம்மா இறந்து எட்டு மாதம். அப்பாவுக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரைத் தனியாக விட மனமில்லாமல் பெர்சிஸ் அழுதபோது, பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்த ஆசீர் வேலையை விட்டுவிட்டு மாமனார் வீட்டுக்கே வந்தான். பதிமூன்று வயதான அந்தப் பிக்கப்பின் சாவி அவன் கைக்கு வந்தது.

ஜெபசிங் கையில் அந்த வண்டி லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுத்தது. அதைச் சொல்லிச் சொல்லியே தெருவில் பாதிப் பேரைச் சலிக்க வைத்திருந்தார். ஆசீர் கைக்கு வந்த நாளிலிருந்து பன்னிரண்டைக்கூட அது தொடவில்லை. பெர்சிஸ் தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். எதையும் கோடு போட்டு எழுதுகிறவள். மீட்டரில் ஓடிய கிலோமீட்டர், அடித்த டீசல், லிட்டருக்கு எவ்வளவு என்று எட்டு மாதமும் நோட்டில் ஏற்றி வந்தாள். மிச்ச டீசல் எங்கே போகிறது என்று அப்பா கேட்டபோது, அவளிடம் பதில் இல்லை. தெரியாது என்று சொல்லாமல் நோட்டைக் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போன பிறகு ஆசீர் கத்தவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து நின்று சொன்னான்.

"மாமாவும் வரட்டும், நீயும் வா. ஒரு நாள் பூரா கூடவே இருந்து அளந்து பாருங்க. அதுக்குப் பொறகு நான் இந்த வீட்ல இருக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்கிடுதேன்."

அந்த நாள் இன்று. சனிக்கிழமை.

காலை ஆறரைக்கு மூவரும் தென்காசியில் வழக்கமான பங்க்கில் நின்றார்கள். ஜெபசிங் கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எதற்காக அந்தச் சட்டை என்று பெர்சிஸுக்குப் புரியவில்லை.

டேங்க்கைக் கழுத்து வரை நிரப்ப வேண்டும். மாலையில் இதே பங்க்கில், இதே குழாயில், இதே இடத்தில் நிறுத்தி மறுபடி கழுத்து வரை நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை எவ்வளவு பிடிக்கிறதோ அதுதான் இன்று வண்டி குடித்தது. டீசல் நுரைக்கும், நுரையைப் பார்த்து நிறைந்துவிட்டது என்று ஏமாறக் கூடாது. அதனால் ஆசீர் வண்டியின் பக்கவாட்டைப் பிடித்து ஆட்டினான். நுரை அடங்கியது, இன்னும் கொஞ்சம் பிடித்தது. மறுபடி ஆட்டினான்.

குழாயைப் பிடித்திருந்த சுல்தான் பீவிக்கு ஜெபசிங்கைப் பத்து வருடமாகத் தெரியும்.

"என்ன அண்ணாச்சி, வண்டிய விக்கப் போறியளா? இம்புட்டு சோதிக்கியளே" என்று கேட்டாள்.

சும்மாதான் என்றார் ஜெபசிங். சொல்லிவிட்டு டேங்க் வாயில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். சுல்தான் பீவி மாமனாரைப் பார்த்தாள், பிறகு மருமகனைப் பார்த்தாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதுதான் பெர்சிஸுக்குக் கூச்சமாக இருந்தது.

மீட்டரின் கடைசி மூன்று எண்கள் 316. நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வாசுதேவநல்லூரில் எலுமிச்சை மூட்டைகளை ஏற்றி, குற்றாலத்துக்குக் கொண்டுவந்து இறக்க வேண்டும். சாரல் நேரம். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு எலுமிச்சை எத்தனை மூட்டை வந்தாலும் போதாது. வழக்கமான சனிக்கிழமை ஓட்டம்தான். என்ன, கேபினில் இன்று மூன்று பேர். ஸ்டீயரிங்கில் ஆசீர், ஜன்னலோரம் அப்பா, நடுவில் பெர்சிஸ். கல்யாணமாகி மூன்று வருடத்தில் கணவனுடைய தோள் இடிக்கிற மாதிரி இத்தனை நேரம் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

ஜெபசிங் சாலையைப் பார்க்கவில்லை. மருமகனின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடையநல்லூரில் டீ குடிக்க நிறுத்தியபோது ஆசீர் கடைக்குப் பின்பக்கம் ஒதுங்கப் போனான். ஜெபசிங் அவசரமாக இறங்கி, டேங்க் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். டீயையும் அங்கேயே வாங்கிக் குடித்தார். திரும்பி வந்த ஆசீர் அதைக் கண்டான். கண்டதாகக் காட்டிக்கொள்ளாமல் தன் டீயை எடுத்தான். பெர்சிஸுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அப்பாவை வாருங்கள் என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.

இதைவிட மோசமானது வாசுதேவநல்லூரில் காத்திருந்தது.

ஆசீரின் சொந்த ஊர் அது. எலுமிச்சை மண்டிக்குப் பின்தெருவில்தான் அவன் அம்மா அன்னபாக்கியத்தின் வீடு. இன்று அங்கே போக வேண்டாம், வண்டியை விட்டு நகரக் கூடாது என்று அவன் முதலிலேயே சொல்லியிருந்தான். ஆனால் வண்டி வந்த சேதி எப்படியோ அன்னபாக்கியத்துக்குப் போய்விட்டது. தூக்குச்சட்டியில் சுக்குக் காப்பியும் ஒரு டப்பா முறுக்குமாக, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார்.

வெள்ளைச் சட்டையில் ஜெபசிங்கைப் பார்த்ததும் அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது.

"சம்பந்தி, நீங்களே வந்திருக்கியளா? எம்புள்ள ஓட்டுத வண்டியில ஏறிப் பாக்கணும்னு வந்தியளாக்கும்."

ஜெபசிங் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் எப்படியோ ஆட்டினார்.

அன்னபாக்கியம் மண்டியிலிருந்த ஆட்களிடமெல்லாம் அறிமுகம் செய்துவைத்தார். இவர்தான் என் சம்பந்தி, என் மகனை நம்பித் தன் வண்டியையே கொடுத்திருக்கிறார் என்றார். நம்பி என்ற வார்த்தையை மூன்று தடவை சொன்னார். பெர்சிஸ் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு சம்பந்தியின் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்துக் கேட்டார்.

"நல்லா ஓட்டுதானா? கூடமாட இருந்து ஒத்தாசையா இருக்கானா? மாமனார் வீட்ல இருக்கான்னு எங்க ஆளுங்க ஒரு மாதிரி பேசுதாங்க. நான்தான் சொன்னேன், அது என் மகனுக்கு இன்னொரு வீடுன்னு."

"நல்லாத்தான் ஓட்டுதாவ மாப்ள" என்றார் ஜெபசிங். வாயில் போட்ட முறுக்கு இறங்காமல் காப்பியை ஊற்றி இறக்கினார்.

மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஆசீர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவிடம் அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஜெபக்கூட்டம் நடந்து ஆறு நாளாகியும், அம்மா தலைகுனியக் கூடாது என்று மூடி வைத்திருக்கிறான். பெர்சிஸ் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். அன்னபாக்கியம் அதையும் பாசம் என்றே எடுத்துக்கொண்டு, மருமகளின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

வண்டி கிளம்பியது. இடது பக்கம் திரும்பினால் அப்பாவின் முகம், வலது பக்கம் திரும்பினால் கணவனின் முகம். இரண்டையும் பார்க்கத் தெம்பில்லாமல் பெர்சிஸ் நேரே பார்த்துக்கொண்டு வந்தாள். நேரே பார்க்கிறவள் கண்ணில் படுவது இரண்டே இரண்டு. சாலையோரக் கிலோமீட்டர் கல் ஒன்று. வண்டியின் மீட்டர் இன்னொன்று.

தென்காசி 32 என்றது ஒரு கல். மீட்டரில் 357. சும்மா பார்த்ததுதான். கொஞ்ச நேரத்தில் தென்காசி 22 என்று வந்தது. மீட்டரில் 367 இருந்திருக்க வேண்டும். 366 கூட வரவில்லை, 365ஐத்தான் தாண்டியிருந்தது.

கல்லைத் தப்பாகப் படித்தோம் என்று நினைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாக எண்ண ஆரம்பித்தாள். தென்காசி 12 வந்தபோது வண்டி இருபது கிலோமீட்டர் ஓடியிருந்தது. மீட்டரில் 374. இருபது ஓடியதற்குப் பதினேழுதான் காட்டியது.

விரல் விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தாள். அதே கணக்குதான்.

அவள் வேலை பார்க்கும் இடத்தில் காலையில் முதல் நோயாளியின் ரத்தத்தை வைப்பதற்கு முன், அளவு தெரிந்த ஒரு மாதிரியை மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டும். அதை மெஷின் சரியாகச் சொன்னால்தான் அன்றைக்கு அது சொல்வதை நம்பலாம். ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் இதைத் தவறவிட்டதில்லை. முன்பின் தெரியாதவர்களின் ரத்தத்துக்கு அத்தனை நிதானம். கட்டிய கணவனைத் திருடனாக்கிய மீட்டரை ஒரு தரம் சோதிக்கத் தோன்றவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வண்டியை எடுத்த இரண்டாம் மாதமே ஆசீர் அவளிடம், முள் நாற்பதைக் காட்டுகிறது, வண்டி ஐம்பதில் போகிற மாதிரி இருக்கிறது என்றான். வண்டியைக் குறை சொல்லாதீர்கள், உங்கள் கால்தான் பாரம் என்று இவள் சிரித்துவிட்டாள்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், வெட்கம் என்றுதான் சொல்ல வேண்டும். மாலையில் டீசல் எப்படியாவது குறைவாகப் பிடித்துவிட்டால் போதும், ஆசீர் தானாகவே தப்பிவிடுவான், நோட்டு தப்பு என்று தன் வாயால் சொல்லாமல் முடிந்துவிடும் என்று ஒரு நப்பாசை. குற்றாலம் வரை வாயைத் திறக்கவில்லை. சாரலில் நனைந்துகொண்டே ஆசீர் மூட்டைகளை இறக்கியபோதும் திறக்கவில்லை.

நாலரைக்குப் பங்க்குக்குத் திரும்பினார்கள். மீட்டர் 394. அப்படியென்றால் எழுபத்தெட்டு கிலோமீட்டர். சுல்தான் பீவி அதே குழாயைப் போட்டாள். ஆசீர் காலையில் போலவே வண்டியை ஆட்டினான். கழுத்து வரை நிறைந்தபோது ஆறு புள்ளி ஆறு லிட்டர் பிடித்திருந்தது.

ஜெபசிங் செல்போனில் வகுத்தார். பதினொன்று புள்ளி எட்டு. எட்டு மாதமாக நோட்டில் இருக்கும் அதே எண்.

யாரும் டேங்க்கைத் தொடவில்லை என்பதற்கு அவரே சாட்சி. அதோடு விட்டிருந்தால் மனிதர் கௌரவமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார். தோற்றவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் வாய் அடங்குவதில்லை.

"சரி மாப்ள, எடுக்கல. ஒத்துக்கிடுதேன். அப்போ ஓட்டுத ஓட்டு சரியில்ல. பன்னண்டு வருசம் பதினாலு குடுத்த வண்டி. ஒங்க கையில வந்து சீரழியுது."

சுல்தான் பீவி குழாயை மாட்டாமல் அப்படியே நின்றாள். பின்னால் நின்ற ஆட்டோக்காரர்கூட எட்டிப் பார்த்தார். ஆசீர் கேபின் கதவைத் திறந்து, தன் துணிப் பையை மட்டும் எடுத்துத் தோளில் போட்டான். அவன் வண்டியில் ஏறப் போவதில்லை என்பது பெர்சிஸுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா, மீட்டர் தப்பு" என்றாள்.

சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. கல்லை எண்ணியதைச் சொன்னாள், இருபதுக்குப் பதினேழு என்றாள். இன்று ஓடியது எழுபத்தெட்டு இல்லை, தொண்ணூற்றிரண்டு என்றாள். அதை ஆறு புள்ளி ஆறால் வகுத்தால் பதிமூன்று புள்ளி ஒன்பது வரும், வண்டி உங்கள் கையில் கொடுத்ததைத்தான் இவர் கையிலும் கொடுக்கிறது என்றாள். எட்டு மாதம் எழுதிய நோட்டில் ஒரு வரிகூடச் சரியில்லை என்றபோது குரல் உடைந்துவிட்டது.

ஜெபசிங்கின் முகத்தில் ஈயாடவில்லை.

"எஃப்.சி. சோதனைக்கு வண்டியக் கொண்டுபோறதுக்கு முன்னால மீட்டர் செத்துப் போச்சு" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. "பழைய சாமான் கடையில அதுக்கு வேற வண்டியோட பல்சக்கரம் வாங்கிக் குடுத்தேன். கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும் அண்ணாச்சின்னு மெக்கானிக் சொன்னான். ஓடுனாச் சரின்னுட்டேன். மறு வாரந்தான் மாப்ள வண்டிய எடுத்தாவ. எனக்கு அது மறந்தே போச்சு."

சுல்தான் பீவி குழாயை மாட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். அது அவள் காட்டிய மரியாதை.

ஆசீர் பையைத் திரும்ப உள்ளே போட்டு வண்டியை எடுத்தான்.

வீட்டுக்கு வந்து குளித்ததும் ஜெபசிங் வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடுவறையில் முழங்காலில் நின்றார். மகளும் மருமகனும் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவர் கண்ணை மூடி, ஆண்டவரே, அறியாமல் நாங்கள் செய்த பிழைகளை என்று தழுதழுத்து ஆரம்பித்தார்.

"மாமா" என்றான் ஆசீர். "அவர்ட்ட அப்புறம் சொல்லுங்க. மொதல்ல என்னட்ட சொல்லுங்க."

ஜெபசிங் கண்ணைத் திறந்தார். முழங்காலிலிருந்து எழுந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆசீர் கை கொடுக்க, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே எழுந்து, விடாமல் பேசினார்.

"தப்பா நெனச்சிட்டேன் மாப்ள. நெனச்சதோட நிக்காம நாலு பேருக்குக் கேக்கும்படி சொல்லிப்புட்டேன். நாளைக்குக் கூட்டத்துல கண்ணத் தொறந்துக்கிட்டு எல்லார் முன்னாலயும் சொல்லுதேன். ஒங்க அம்மா முகத்துல எப்படி முழிப்பேன்னுதான் தெரியல."

சரி மாமா, விடுங்க என்றான் ஆசீர். அவர் அழுததைப் பார்த்துத் துண்டை எடுத்துக் கொடுத்தான்.

பெர்சிஸுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தாள். தோசை வார்த்து வைத்துவிட்டு, பின்பக்கம் வண்டியில் ஒட்டியிருந்த எலுமிச்சை இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தவனைக் கூப்பிடப் போனாள்.

"சாப்பிட வாங்க அத்தான்."

அவன் விளக்குமாற்றை நிறுத்தினான்.

"ஒண்ணு கேக்கேன், உண்மையச் சொல்லு. நீயும் நெனச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்பா கேட்டார், நோட்டைக் கொடுத்தேன், கூட்டத்தோடு கூட்டமாக வாய் ஆமென் சொல்லிவிட்டது என்று சொன்னால் அவன் நம்பிவிடுவான். நம்பத் தயாராகத்தான் நின்றான். அவன் முகத்தில் அது தெரிந்தது.

"நெனச்சேன்" என்றாள் பெர்சிஸ். "ரெண்டு மூணு மாசமா நெனச்சேன்."

அவன் தலையசைத்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"மாமாகூட நான் இருந்தது எட்டு மாசந்தான், ஒங்கூட மூணு வருசம். அவரு சந்தேகப்பட்டத நான் பொறுத்துக்கிட்டேன். நீ என்னட்ட ஒரு தடவ கேட்டிருக்கலாம் பெர்சிஸ். டீசல் எங்கன போகுதுன்னு என் மொகத்தப் பாத்துக் கேட்டிருந்தா நானே அந்தக் கல்ல எண்ணியிருப்பேன். எட்டு மாசமும் நீ நோட்டுட்டத்தான் கேட்டிருக்க."

அவன் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"நாளைக்குக் கோயில் முடிஞ்சதும் நான் வாசுதேவநல்லூருக்குப் போறேன். அம்மா கூட கொஞ்ச நாள் இருக்கேன்."

"கூட்டத்துல அப்பா பேசுதேன்னு சொன்னாவளே. நானும் சொல்லுதேன். நான் ஆமென் சொன்னதையும் சொல்லுதேன்."

"சொல்லுங்க. ஊருக்குத் தெரியட்டும். அதுக்கு நான் எதுக்கு?"

"எப்ப வருவிய அத்தான்?"

ஆசீர் இலைகளை வாரி ஓரமாகக் கொட்டினான். கையைத் தட்டிக்கொண்டான்.

"பஸ்ஸுலதான் போறேன்" என்றான். "வண்டி இங்கனயே நிக்கும். மாமா வேற ஆளு பாத்துக்கிடட்டும்."